நாலாவது கம்பி

அண்ணி கடைக்குப் போய்த் திரும்பிக் கதவைத் திறந்தபோது குழந்தை தொட்டிலில் கத்திக்கொண்டிருந்தான். முகம் சிவந்து, குரல் கம்மி, அழுகை விக்கலில் வந்து நின்றிருந்தது. இரண்டு அறை தள்ளிச் சமையலறையில் அவன் அம்மா வாசலுக்கு முதுகைக் காட்டியபடி நிதானமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்த விளக்குப் பட்டையில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

அண்ணி தோளைத் தொட்டதும் திரும்பினாள். அவர் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு இருண்டு கிடந்த பட்டையைப் பார்த்தாள். வெங்காயத்தால் கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

அவளுக்குக் காது கேட்காது. பள்ளிக்கூட நாளில் வந்த ஒரு காய்ச்சல், உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. அதற்குள் பேச்சு நன்றாகப் பழகியிருந்ததால் பேச்சு மட்டும் தங்கியது. எதிரே நிற்பவரின் வாயசைவைப் பார்த்தால் போதும், பாதியைப் படித்து மீதியை ஊகித்துவிடுவாள். ஆனால் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தாலும் அவளைப் பொறுத்தவரை அது நடக்கவில்லை.

வேலை, மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது. வேறு யார் கண்ணுக்கும் படாத கீறல் அவள் கண்ணுக்குப் படும். தூசி என்று மற்றவர்கள் ஊதிவிட்டுப் போவதை, கீறல் என்று பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பாள். கடைசியில் அது கீறலாகத்தான் இருக்கும். அதனால் கடையில் அவளுக்கு ‘லென்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். லாரி ஓட்டும் அவள் கணவனும் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே வீட்டில் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டான்.

விளக்குப் பைத்தியம் பிடித்ததும் அந்தக் கடையில்தான். காட்சி அலமாரிக்கு ஒட்ட ஒரு சுருள் எல்இடி பட்டை வாங்கி வந்தார்கள். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக, வேண்டிய நிறத்தில் எரியவைக்கக்கூடிய பட்டை. ஒரு சிவப்புப் புள்ளி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியதைப் பார்த்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது என்று பிறகு கணவனிடம் சொன்னாள். அன்றிலிருந்து சம்பளம் வந்தால் கம்பி பற்றவைக்கச் சால்டரிங் இரும்பு, விடுமுறை வந்தால் கம்பிச் சுருள். சுவர்க்கடிகாரம் செய்தாள். நிலைக்கண்ணாடியைச் சுற்றி ஒளி வளையம் செய்தாள். வாசல் மணியை அழுத்தினால் வீடெல்லாம் மஞ்சளாக மினுக்கவைத்தாள்.

குழந்தை பிறந்ததும் பொழுதுபோக்கு அவசியமாக மாறியது. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைக். அவன் அழுதால், தொட்டிலில் தொடங்கிக் கூடம், நடை, சமையலறை, படுக்கையறை என்று வீட்டைச் சுற்றி வரும் பட்டையில் சிவப்பு ஓடும். பட்டையின் வால்நுனி கட்டில்வரை போகும். அங்கே தலையணைக்குக் கீழே ஒரு குட்டி மோட்டார், கைப்பேசி அதிர்வதுபோல் அதிரும். குழந்தை அழுதால் அதிரும், கையில் கட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைக் கணவன் வாங்கிக் கொடுத்திருந்தான். துணி அலச அதைக் கழற்றினால் திரும்பக் கட்ட மறந்துபோகிறது. சுவரை யாரும் கழற்றி வைக்க முடியாது, அதனால் அவளுக்குச் சுவர்மேல்தான் நம்பிக்கை.

அந்தச் சுவர்தான் அன்றைக்கு அவள் காலை வாரிவிட்டது.

அண்ணி அவள் கணவனின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ். பிரசவத்துக்கென்று நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, தாயையும் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவர். நல்லவர், அதனாலேயே அவர் பேச்சைத் தட்டுவது கஷ்டம். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, லென்ஸை வெளிச்சத்தில் எதிரே உட்காரவைத்து, வாயசைவு தெளிவாகத் தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“லீவு முடியுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் கிளம்பணும். இவனையும் கூட்டிட்டுப் போறேன்.”

“எதுக்கு அண்ணி?”

“எதுக்கா? இன்னைக்குப் பாத்தியே. இவன் அப்பா பாதி நாள் ரோட்டுல இருக்கான். எங்க வீட்டுல நாலு பேரு, எட்டு காது. நடந்து வந்து உன் கையப் பிடிச்சு இழுக்குற வயசு வர்ற வரைக்கும் அங்க இருக்கட்டும். உன் புள்ளைய நான் பிடுங்கலம்மா. எனக்கு பயமா இருக்கு.”

பயம் என்று அவர் சொன்னது பொய்யில்லை. லென்ஸுக்கும் அதே பயம்தான். ஆனால் பிள்ளை கையை விட்டுப் போவது அதைவிடப் பெரிய பயம்.

“அதுக்குள்ள நான் சரிபண்ணிட்டா?”

“இதுவும் சரியாத்தானே இருந்துச்சு, நேத்து வரைக்கும்?”

“இந்த முறை உடைஞ்சாலும் ஓடுற மாதிரி பண்றேன்.”

அண்ணி சுவரில் இருண்டு கிடந்த பட்டையைக் காட்டினார். “அப்ப நான் சோதிப்பேன். நான் காட்டுற விளக்க நீ உன் கையால சாகடிக்கணும். அப்பவும் கடைசி வரைக்கும் வெளிச்சம் போகணும். போகலைனா பேச்சே கிடையாது.”

“சரி” என்றாள் லென்ஸ். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய விஷயத்துக்குத் தலையாட்டியிருக்கிறோம் என்று உறைத்தது.

கணவன் அன்று மாலை எங்கோ ஒரு சாலையோரத்திலிருந்து வீடியோவில் வந்தான். நடந்ததைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். “அக்கா சொல்றதும் சரிதான். நீ சொல்றதும் சரிதான்.”

“ரெண்டும் சரின்னா உங்க லாரி எந்தப் பக்கம் திரும்பும்?” என்று கேட்டாள். அவன் சிக்னல் கிடைக்காதவன்போல் திரையை விட்டு நழுவினான்.

முதலில் செத்த விளக்கைத் தேடினாள். நடையின் திருப்பத்தில் ஒன்று கருகியிருந்தது. அந்த ஒன்றுக்குப் பின்னால் இருந்த அத்தனையும் அதனால்தான் இருண்டன. இந்தப் பட்டைகளில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் பொடி சிப் ஒன்று இருக்கிறது. வகுப்பில் முதல் பெஞ்சிலிருந்து ஒரு கட்டுத் தாளை அனுப்பினால் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னால் தள்ளுவார்களே, அதுபோல் ஒவ்வொரு சிப்பும் தன் கட்டளையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குக் கொடுக்கும். நடுவில் ஒருவன் தூங்கிவிட்டால் அவனுக்குப் பின்னால் யாருக்கும் தாள் கிடையாது. அவள் ஒட்டியிருந்தது டபிள்யூ.எஸ். 2812. எங்கும் கிடைக்கும், எல்லாரும் வாங்குவார்கள். பொழுதுபோக்குக்காரர்கள் கடைசி எண்ணைச் சொல்லி ‘பன்னிரண்டு’ என்பார்கள்.

அப்படிப்பட்டவர்களின் குழு ஒன்று அவள் கைப்பேசியில் இருந்தது. எழுத்திலேயே எல்லாம் நடப்பதால் அங்கே அவளுக்குக் காது கேட்காது என்பது யாருக்கும் தெரியாது. ‘ஒரு விளக்கு செத்தாலும் மற்றவை எரியணும். எந்த சிப்?’ என்று போட்டாள். அவ்வளவுதான், தேன்கூட்டில் கை வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் 6812-ஐச் சொன்னார்: மூன்று நிறத்தோடு தனி வெள்ளையும் உண்டு, பால் மாதிரி இருக்கும் என்று உருகினார். இன்னொருவர், தகவலுக்கு ஒரு கம்பி, அதற்குத் தாளம் போட ஒரு கம்பி என்று இரண்டு உள்ள வகைதான் ராஜா, வெளிச்சம் கேமராவில்கூடத் துடிக்காது என்றார். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். லென்ஸ் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: ‘ஒன்று செத்தால்?’ சண்டை சட்டென்று அடங்கியது. செத்தால் இரண்டிலுமே பின்வரிசை இருட்டுதான். மூன்றாமவர் ஒருவர், ‘வீட்டு அலங்காரத்துக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? மலிவானதா வாங்கி ஒட்டிட்டுப் போங்க’ என்று எழுதினார். அவருக்கு அவள் பதில் போடவில்லை. சொல்லத் தொடங்கினால் நல்ல வார்த்தை வராது என்று தெரியும்.

அதுவரை வாயைத் திறக்காத ஒருவர் ‘பதினைந்து’ என்று மட்டும் எழுதினார்.

2815. அதன் விவரத்தாளைக் கீறல் பார்க்கிற கண்ணோடு படித்தாள். அதில் தகவல் போக இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு சிப்பும் தனக்கு முன்னால் இருப்பவனிடம் மட்டுமல்லாமல், அவனுக்கும் முன்னால் இருப்பவனிடமும் ஒரு கை நீட்டி வைத்திருக்கும். நடுவில் ஒருவன் தூங்கினால் அந்த இரண்டாவது கையால் தாளை வாங்கிக்கொள்ளும். மின்சாரமும் ஐந்து வோல்ட்டுக்குப் பதில் பன்னிரண்டு வோல்ட். பழைய பட்டையில் நீளம் போகப் போக மின்சாரம் இளைத்து, வால்பக்கம் மஞ்சள்கூடச் சிவப்பாகத் தெரியும். வாசலில் தபால்காரர் மணி அடிக்க, அவள் தொட்டிலுக்கு ஓடிய கதை வீட்டில் பிரசித்தம். இன்னொன்றும் உண்டு. பழைய சிப் மங்கலாக எரியும்போது துடிக்கும். மற்றவர்களுக்குத் தெரியாது. காது வேலையையும் சேர்த்துச் செய்கிற அவள் கண்ணுக்குத் தெரியும், தலை வலிக்கும். பதினைந்து பல மடங்கு வேகமாகத் துடிப்பதால் துடிப்பே தெரியாது.

தாளில் இருப்பதைப் படித்துவிட்டு நம்ப அவள் தயாரில்லை. மறுநாள் குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டு மின்னணுப் பொருள் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு சுருளை எடுத்துப் போட்டு, “எல்லாம் ஒண்ணுதாம்மா” என்றார். பையிலிருந்து தன் கடையின் பூதக்கண்ணாடியை எடுத்து, பட்டையை வெட்டுவதற்கென்று போட்டிருந்த கோட்டைப் பார்த்தாள். மூன்று செப்புப் பொட்டுகள் இருந்தன. “இது இல்ல. நாலு பொட்டு இருக்கணும், கரண்டுக்கு ரெண்டு, தகவலுக்கு ரெண்டு.” அடுத்த சுருளில் நான்கு இருந்தன. ஒரு சாண் துண்டு வாங்கி அங்கேயே எரியவைக்கச் சொன்னாள். பிறகு அவருடைய சால்டரிங் இரும்பையே வாங்கி, நடுவில் ஒரு விளக்கைச் சூடாக்கி, சாமணத்தால் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கினாள். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மீதி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

“இதுலயே வீடு முழுக்கப் போதுற அளவு குடுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டையை மாற்றி ஒட்டிவிட்டாள். குழந்தை தூங்கும்போது ஏணியில் ஏறினாள், எழுந்தால் இறங்கினாள். முதுகு விண்டுபோனது. மூலை திரும்பும் இடங்களிலும் கதவு நிலைகளிலும் பட்டையை வெட்டி இணைக்க வேண்டியிருந்தது. பழைய பட்டைக்கு வாங்கிய கிளிப்புகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. வீணாகப் போகவேண்டாமே என்று அவற்றையே மாட்டினாள். அண்ணியின் பை ஏற்கெனவே கூடத்தில் தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் குழந்தையின் துணி அடுக்கிய குட்டிப் பை ஒன்றும் இருந்தது. ஏணியில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் குட்டிப் பையைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

ஞாயிறு காலை கணவன் வந்து சேர்ந்தான். திரைச்சீலைகளை இழுத்துவிட்டார்கள். குழந்தை சமர்த்தாக விழித்திருந்தான். அழச் சொன்னால் அழுகிற வயதில்லை. அதனால் அவன் அப்பாவே மைக்குக்கு முன்னால் குனிந்து “ங்ஙா, ங்ஙா” என்று அழுதான். தோளில் கிடந்த பிள்ளை, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். சிவப்பு தொட்டிலிலிருந்து கிளம்பி, கூடத்தைச் சுற்றி, நடையில் திரும்பி, சமையலறைக்குள் புகுந்து, படுக்கையறை வழியாகக் கட்டிலைத் தொட்டது. தலையணை அதிர்ந்தது.

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டையோடு நடந்தார். அலமாரிக்கு மேலே ஒன்றைக் காட்டினார். லென்ஸ் மின்சாரத்தை நிறுத்தி, அதைச் சூடாக்கிப் பிடுங்கினாள். மறுபடி எரியவைத்தாள். கணவன் அழுதான். சிவப்பு அந்த ஓட்டையைத் தாண்டிக் கட்டில்வரை போனது. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றைக் காட்டினார். அதையும் பிடுங்கினாள். அதையும் தாண்டிப் போனது.

அண்ணி படுக்கையறை நிலைக்குப் போனார். கதவைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். கைப்பிடி போய் எங்கே இடிக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தார். அங்கே இருந்த விளக்கைக் காட்டினார்.

லென்ஸ் பிடுங்கினாள். கணவன் அழுதான். சிவப்பு நிலைவரை வந்து நின்றுவிட்டது. படுக்கையறை இருட்டாகவே கிடந்தது. தலையணை அசையவில்லை.

அண்ணி கண்ணாடியைக் கழற்றி மடித்தார். அவர் முகத்தில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

லென்ஸ் பூதக்கண்ணாடியோடு நிலைக்கு அருகே மண்டியிட்டாள். பிடுங்கிய விளக்குக்கு அடுத்தாற்போல் இணைப்பு. மாட்டியிருந்த கிளிப்பில் மூன்று துளை. பட்டையில் வந்த கம்பிகள் நான்கு. நாலாவது கம்பியை அவளே அழகாக வெட்டி, நுனி வெளியே தெரியாமல் டேப்பும் ஒட்டியிருந்தாள். வருடக்கணக்காக மூன்று கம்பி இணைத்த கை, கேட்காமல் கொள்ளாமல் அதைச் செய்துவிட்டது. எந்த இரண்டாவது கைக்காகக் கடை ஏறி, பொட்டு எண்ணி, இந்தச் சிப்பை வாங்கினாளோ, வீட்டில் இருந்த ஒவ்வொரு இணைப்பிலும் அந்தக் கையைத்தான் வெட்டி வைத்திருந்தாள். ஊரார் லென்ஸில் கீறல் பார்க்கிறவள். அவளுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

எழுந்து அண்ணிக்கு எதிரே வந்து நின்றாள். “சிப் மேல தப்பு இல்ல அண்ணி. தப்பு என்னோடது. நாலு கம்பி மாட்ட வேண்டிய இடத்துல மூணு மாட்டிட்டேன். இங்க மட்டும் இல்ல, எல்லா மூலையிலயும்.”

“எனக்கு சாயங்காலம் வண்டி.”

“சாயங்காலம்தானே. உட்காருங்க.”

கிளிப்புகள் எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். டப்பாவையும் போட்டாள். இரும்பைச் சூடாக்கிக்கொண்டு, முதல் மூலையில் நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பற்றவைக்கத் தொடங்கினாள். நானும் வருகிறேன் என்று வந்த கணவனை, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாலே பெரிய உதவி என்று அனுப்பினாள். கம்பி மெல்லியது, இரும்பும் ஈயமும் பிடித்த பிறகு அதைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை நழுவவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி சாமணத்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நரம்பு தேடி ஊசி போட்ட விரல்கள், துளி நடுக்கம் இல்லை.

மூலைக்கு மூலை இருவரும் நகர்ந்தார்கள். ஒரு இணைப்பு ஆறும் நேரத்தில் அண்ணி அவள் பார்க்கும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

“எங்க வார்டுல ஒரு மெஷின் இருந்துச்சு. நோயாளிக்கு ஏதாச்சும்னா கத்தும். ஒரு தடவை அது கத்தவே இல்ல. நாங்களும் எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சுட்டோம். அப்புறம் பாத்தா ஸ்பீக்கர் செத்துப்போயிருந்துச்சு. அந்தப் பெரியவரை எப்படியோ காப்பாத்திட்டோம். ஆனா அன்னையிலிருந்து எந்த மெஷின் சும்மா இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.”

லென்ஸ் இரும்பை அதன் தாங்கியில் வைத்தாள். சும்மா இருப்பதும் செத்துக்கிடப்பதும் ஒன்றுபோல் தெரிகிறது. அதுதானே அன்றைக்கு வெங்காயம் நறுக்கும்போது நடந்தது. பட்டை இருட்டாக இருந்தது, பிள்ளை தூங்குகிறான் என்று நினைத்தாள்.

“அப்ப அது சும்மாவே இருக்கக் கூடாது” என்றாள்.

கடைசி இணைப்பை முடித்ததும் மடிக்கணினியை எடுத்து வைத்து, விளக்குகளை இயக்கும் நிரலை மாற்றி எழுதினாள். இப்போது யாரும் அழாதபோதும் ஒரு மங்கலான பச்சைப் புள்ளி தொட்டிலிலிருந்து கட்டில்வரை போய்த் திரும்பி, ஓயாமல் நடந்துகொண்டே இருந்தது. அது வருகிறவரை எல்லாம் சரி. வராமல் போனால் எங்கோ அறுந்திருக்கிறது, எழுந்து போய்ப் பிள்ளையைப் பார். அடுத்தடுத்து இரண்டு விளக்குகள் செத்தால் பதினைந்தும் கைவிட்டுவிடும் என்பதை அண்ணியிடம் அவளே வாயைத் திறந்து சொன்னாள். “அப்ப பச்சை வராது. எனக்குத் தெரிஞ்சுடும்.”

அண்ணி நேராக அதே நிலைக்குப் போய், விளக்கு பிடுங்கிய அதே ஓட்டையில் விரலை வைத்தார். கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டு அழுதான். சிவப்பு ஓட்டையைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனது. தலையணை துள்ளியது. வேறு மூலைகளில் இணைப்பை ஒட்டிய விளக்குகளாகப் பார்த்து இன்னும் இரண்டைப் பிடுங்கச் சொன்னார். எதிலும் நிற்கவில்லை.

“சரி. இனிமே நான்தான் நீ” என்றார் அண்ணி.

தன் பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்தார். அதற்கு மேல் தம்பியின் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மற்ற இருவரையும் மாடிப்படிக்கு அனுப்பிவிட்டு, தொட்டிலில் தூங்கிப்போயிருந்த பிள்ளையைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தார். லென்ஸ் படியில் இறங்கவில்லை. கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி முதலில் நறுக்கினார். பிறகு திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. இரண்டு பீன்ஸ் நறுக்கிவிட்டு மறுபடி திரும்பிப் பார்த்தார். அவருடைய தோள்கள் இறுகியிருந்தன. எதிர்ச் சுவரில் பச்சைப் புள்ளி வந்து போனது. அது இரண்டாவது முறை வந்து போன பிறகு தோள்கள் கொஞ்சம் இறங்கின. அந்தத் தோள்களை லென்ஸுக்கு நன்றாகத் தெரியும். அவை அவளுடைய தோள்கள்தான்.

பிள்ளை விழித்துக்கொண்டான். அவன் வாய் திறப்பதை அவள் தூரத்திலிருந்தே பார்த்தாள். காலை அசைக்காமல் இருக்க நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு தொட்டிலை விட்டுக் கிளம்பியது. கூடம், நடை, திருப்பம். அண்ணியின் முன்னால் சுவர் சிவந்தது. கத்தி பலகையில் விழுந்தது. அவர் எழுந்து ஓடி வந்தார். வயது மறந்து ஓடி வந்தார்.

பிள்ளையை வாரி எடுத்து, துணியைத் தொட்டுப் பார்த்து, “ஈரம் பண்ணிருக்கான், வேற ஒண்ணும் இல்ல” என்றார். பஞ்சு இருந்ததால் தன் குரல் தனக்குத் தெரியாமல் தெருவே கேட்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறார். படியிலிருந்து கணவன் பதறியடித்துக்கொண்டு மேலே ஓடி வந்தான். அண்ணியின் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்து லென்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினார், பஞ்சை எடுத்தார், அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்துக் கேட்டார்.

“இப்படித்தான் இருக்குமா, எப்பவும்?”

“பழகிடுச்சு அண்ணி.”

“எனக்கு அஞ்சு நிமிஷம் தாங்கல.” பிள்ளையை அவள் கையில் கொடுத்தார். கூடத்தில் இருந்த இரண்டு பைகளையும் பார்த்தார். தம்பியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர், லென்ஸுக்குத் தெரியவேண்டும் என்று முகத்தைத் திருப்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“என் பையை மட்டும் வண்டியில ஏத்து. அவன் பையைப் பிரிச்சுத் துணியை அலமாரியில வச்சிடு.”